பையில் இருக்கும் லென்ஸ் படம் எடுக்காது

நடுவர் ஐயா அவர்களுக்கும், மயிலாப்பூரில் இந்தப் புழுக்கத்திலும் இரண்டே இரண்டு மின்விசிறியை நம்பி உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"பயணத்துக்கு ஏற்றது ஒரே ஜூம் லென்ஸா, பல லென்ஸ்களா?" என்பது தலைப்பு. நான் ஒரே லென்ஸ் கட்சி. 28லிருந்து 200 மில்லிமீட்டர் வரை, 24லிருந்து 200 வரை என்று அகலமும் தூரமும் ஒரே குழலுக்குள் அடைத்துக் கொடுக்கிறார்களே, அந்த லென்ஸ். எண் சின்னது என்றால் காட்சி அகலமாக விழும், பெரிது என்றால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினால், திரும்பி வந்து பூட்டைத் திறக்கும் வரை அதைக் கழற்ற வேண்டாம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கல்யாணப் படம் எடுக்கும் தொழில்காரர். வந்ததும் ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான், எல்லாம் செய்கிற லென்ஸ் எதையும் உருப்படியாகச் செய்யாது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். உட்கார்ந்து யோசித்தபோதுதான் இடித்தது. ஐயா, பல மரம் கண்ட தச்சன் யார்? பையைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் போடலாமா, அதைப் போடலாமா என்று மூன்று லென்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்தானே? என்னிடம் இருப்பது ஒரே மரம். வெட்டிவிட்டு நான் போய்க்கொண்டே இருக்கிறேன்.

சரி, அந்த மூன்று லென்ஸுக்கு வருவோம். தொழில்காரர்கள் அதை மும்மூர்த்திகள் மாதிரி சொல்வார்கள்: 14-24, 24-70, 70-200, மூன்றும் எஃப் 2.8. இந்த எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். நிக்கான் இசட் வரிசையின் முதல் பதிப்புகளில் முதலாவது 650 கிராம், இரண்டாவது 805, மூன்றாவது அதை முக்காலியில் மாட்டுகிற வளையத்தோடு 1,440. கூட்டினால் கிட்டத்தட்ட 2.9 கிலோ. அதே வரிசையில் 24-200 லென்ஸ் 570 கிராம். உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டு போகப் பொதுவாக 7 கிலோ விடுகிறார்கள். அதில் மும்மூர்த்திகளுக்கு மூன்று கிலோ, கேமரா, சார்ஜர், பை என்று போனால் மாற்றுத் துணியை எங்கே வைப்பது? விமானத்தை விடுங்கள், நான் எங்கே தினமும் விமானத்தில் போகிறேன். பெரம்பூரிலிருந்து பஸ் மாறி மாமல்லபுரம் போகிறவள் நான், இரண்டு பிள்ளைகள், தண்ணீர் பாட்டில், புளிசாதம், முழங்கால் வலிக்கிற அத்தை. அத்தைக்குக் கை கொடுக்க ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டாமா?

ஆனால் கனம் பெரிய விஷயமே இல்லை ஐயா. தூக்கிவிடலாம், நாம் அரிசி மூட்டை தூக்காத ஆட்களா? மாற்றுகிற நேரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் அண்ணன் கட்சிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற மலை ரயிலில் குடும்பத்தோடு போனோம். கல்லாறுக்கு அப்புறம் பல் வைத்த தண்டவாளம், குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். எனக்கு ஜன்னல் ஓரம். கேமராவில் 24-70. ஒரு வளைவில் ரயில் அப்படியே வில்லாக வளைந்தது, பின்னால் எட்டிப் பார்த்தால் இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு வருகிறது, பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் கை ஆட்டுகிறார்கள். 24-70இல் இன்ஜின் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. உடனே பையைத் திறந்து 70-200ஐ எடுத்தேன். அதன் பின்மூடியை வாயில் கவ்விக்கொண்டேன், சிரிக்காதீர்கள், இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறீர்கள். எதிர் சீட்டுத் தாத்தாவின் முட்டி என் முட்டியில் இடிக்கிறது. மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்தேன். கேமரா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துச் சுரங்கம் வந்தது.

கும்மிருட்டு. பிள்ளைகள் ஊளை. புகை முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே. கையால் கேமராவின் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிற குழந்தையைப் பொத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது வளைவும் இல்லை, கை ஆட்டின பிள்ளைகளும் இல்லை, லென்ஸ் மூடி ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அந்தத் தாத்தா குனிந்து எடுத்துக் கொடுத்து, "ஏம்மா, நல்லா வேடிக்கை பாத்துட்டு வரக் கூடாதா?" என்றார்.

அதோடு போச்சா? கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் கரி. படம் எடுக்கும்போது தெரியாது, எஃப் 11, எஃப் 16 என்று துவாரத்தைச் சுருக்கி வானத்தை எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஊட்டியில் நான் எடுத்த ஒவ்வொரு வானத்திலும் அதே இடத்தில் அதே ஐந்து பொட்டு. பார்க்கிறவர்கள் "பறவையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இப்போது மாமல்லபுரத்துக்கு வருகிறேன். போன தை மாதம், கழற்ற வேண்டாத லென்ஸோடு போனேன். அர்ஜுனன் தபசுப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். முழுப் பாறையும் சட்டத்துக்குள் வர 28 வேண்டும், அதிலேயே ஒரு யானைக் கூட்டம், நடுவில் பிளவு, தேவர்கள், வேடர்கள் என்று ஊரே இருக்கிறது. பெரிய யானைக்கு முன்னால் கீழே ஒரு பூனை, பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். பல வருஷமாக அந்த ஊருக்குப் போகிறேன், அந்தப் பூனையைக் கண்டுபிடித்துக் காட்டியது அத்தைதான். "இது நம்ம கீழ் வீட்டுக்காரர் மாதிரியே நிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. நான் முழுப் பாறையை எடுத்தேன், வளையத்தை ஒரு திருகு, பூனையை எடுத்தேன், கொஞ்சம் பின்னால் திருகி அத்தையை எடுத்தேன். மூன்றும் பத்து எண்ணுவதற்குள். பாறை ஆயிரத்து முந்நூறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது, எந்த லென்ஸ் போட்டும் எப்போதும் எடுக்கலாம். அத்தை சிரிப்பு லென்ஸ் மாற்றும்வரை நிற்காது.

எதிரணிச் சகோதரி ஒருவர், "காலால் ஜூம் பண்ணுங்கள், நாலு எட்டு நடந்தால் எதற்கு 200?" என்று கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் கம்பித் தடுப்பு இருக்கிறது சகோதரி. இதோ, இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே கபாலி கோயில் தெப்பக்குளம். இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக் கோபுரத்துப் பொம்மையை எடுக்க நீந்திப் போகச் சொல்கிறீர்களா? அதோடு, நடந்து போனால் படமே வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்துக்குக் கிட்டே போய் அகலமாக எடுத்தால், முன்னால் நிற்கிற பிள்ளை பெரிதாகவும் 216 அடி விமானம் பின்னால் சாய்ந்து ஒடுங்கியும் தெரியும். அதே பிள்ளையை நிற்க வைத்துவிட்டு நீங்கள் பின்னால் நடந்து போய் 200இல் எடுத்துப் பாருங்கள், விமானம் அவன் தலைக்கு மேலே மலையாக எழும்பி நிற்கும். காலும் நடக்க வேண்டும், ஜூமும் வேண்டும்.

வெளிச்சம். இதில் அண்ணன் சொன்ன கணக்கு சரி, நான் மறுக்கவில்லை. எஃப் 2.8இல் வருகிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எஃப் 6.3இல் வரும். ராத்திரியில், இருட்டு மண்டபத்தில், ஆடுகிற கால்களை எடுக்க வேண்டும் என்றால் என் லென்ஸ் திணறும். ஆனால் நாம் ஊர் சுற்றுவது எப்போது? காலை பத்திலிருந்து மாலை ஐந்து. நம்ம ஊர் மத்தியான வெயிலில் யார் எஃப் 2.8இல் எடுக்கிறார்கள்? எல்லோரும் எஃப் 8க்குத்தான் போகிறோம், அங்கே விலை கூடின லென்ஸும் குறைந்த லென்ஸும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். சன்னதி இருட்டைச் சொல்வீர்கள், அங்கே பல கோயில்களில் கேமராவே கூடாது. மீதி இருட்டுக்குக் கேமராவின் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வைக்கலாம், அதனால் படத்தில் வருகிற புள்ளிகளை மென்பொருள் துடைத்துக் கொடுக்கும். 200இல் ஓரம் கொஞ்சம் மழுங்கும், அதுவும் உண்மை. நான் என் படங்களின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் ஐயா. யாரோ ஒருவருடைய செருப்பு இருந்தது. அது மழுங்கினால் எனக்குப் பரவாயில்லை.

இந்த வகை லென்ஸுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. டாம்ரான் 1992இல் முதலில் 28-200 கொண்டு வந்தபோது அது கிட்டே இருப்பதை ஃபோகஸ் பண்ணவே தடுமாறும். அதே நிறுவனம் 2020இல் கொண்டு வந்த 28-200 வெறும் 575 கிராம், 28இல் எஃப் 2.8 திறக்கும், அகலமுனையில் 19 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். பூக்கார அம்மா மல்லிகை கட்டுகிற விரலில் நார் சுற்றுவது வரை எடுக்கலாம். அப்பா காலத்து லென்ஸ் மேல் இருந்த கோபத்தைப் பேரன் மேல் காட்டினால் எப்படி?

எதிரணியில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் பெயரைச் சொன்னார்கள். 1948இல் காந்தியின் கடைசி நாட்களை எடுத்தவர், எப்போதும் லைகா கேமராவும் 50 லென்ஸும்தான் என்று. அவர் பெரும்பாலும் ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு திரிந்தவர், பையில் மூன்று வைத்து மாற்றிக்கொண்டிருந்தவர் இல்லை. நடுவர் ஐயா, எதிரணி தன் செலவில் எனக்குச் சாட்சி கூட்டி வந்திருக்கிறது.

வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு 200 பத்தாது, ஒப்புக்கொள்கிறேன். 600 தூக்கிக்கொண்டு ஒரு கொக்குக்காக அரை நாள் அசையாமல் உட்கார்வதற்குப் பெயர் பயணம் இல்லை, அந்தப் பூனை செய்கிற வேலை.

ஒரு ரகசியத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அண்ணன் சொல்லிவிடுவார், போன வாரம் என் பையைப் பார்த்துவிட்டார். என்னிடமும் இன்னொரு லென்ஸ் இருந்தது. சின்ன 50, எஃப் 1.8. இருட்டுக்கு இருக்கட்டும் என்று இரண்டு வருஷமாகக் கூடவே கொண்டு போனேன், எடுத்தது மூன்று தடவை. பையிலேயே கிடந்தது. சென்னைக் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியும், பிரெட் பாக்கெட்டே மூன்று நாள் தாங்குவதில்லை. போன மாதம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தினமும் வெளியே வெயிலும் காற்றும் படுகிற ஜூம் லென்ஸில் ஒரு பொட்டு இல்லை.

மணி அடித்துவிட்டார், ஒரு நிமிடம் ஐயா, முடித்துவிடுகிறேன்.

இந்த மேடை ஏறுவதற்கு முன்னால் இரண்டு அணியும் உங்களோடு சேர்ந்து நின்றோம் அல்லவா, அண்ணன்தான் படம் எடுத்தார். என்னிடம் கேமரா கழுத்தில் தொங்கியது, ஆனால் பெரியவர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது, இப்போதுதான் குழுவில் அனுப்பினார். எதில் எடுத்தார் தெரியுமா? மொபைலில். "உங்க மூணு லென்ஸ் எங்கண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பை கார்ல இருக்கும்மா" என்றார்.