ரக்மானினோவும் ஒரு கட்டுத் தாளும்

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, அரங்கை வாடகையில்லாமல் தந்துதவிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, தேவாலயப் பாடகர் குழுக்களை நடத்துகிறவர்களே, பள்ளி பேண்டு ஆசிரியர்களே, இசை அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் இன்னொரு நிகழ்ச்சிக்கும் போக வேண்டியவர். ஆனாலும் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கேட்க ஒரு கோரிக்கை இருப்பதால் நானும் அவரை விடுவதாக இல்லை. பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெரியவரையும் யாராவது முன்வரிசைக்கு அழைத்து வாருங்கள். ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான ரக்மானினோவைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இல்லையென்றால் எனக்கும் வேண்டாம். வந்துவிட்டார், நன்றி ஐயா.

அழைப்பிதழில் மூன்று பகுதிகள் போட்டிருக்கிறார்கள்: ரக்மானினோவின் வாழ்க்கை, பியானோப் படைப்புகள், ரஷ்யாவை விட்டுப் போனபின் எழுதியவை. முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

செர்கே ரக்மானினோவ் 1873-ல் நோவ்கொரத் பகுதியில் பிறந்தார். தகப்பனார் கையில் சொத்து தங்கவில்லை. பண்ணைகள் ஒவ்வொன்றாகப் போய்க் குடும்பம் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தது. அங்கே பையன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று மாஸ்கோவில் ஸ்வேரெவ் என்ற கண்டிப்பான ஆசிரியர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வீட்டில் காலை ஆறு மணிக்கே பியானோ சத்தம் கேட்டாக வேண்டும். 1892-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், தங்கப் பதக்கம் வாங்கினார். தேர்வுக்காக எழுதிய 'அலேகோ' என்ற ஓரங்க ஆப்பெராவை, அதாவது இசை நாடகத்தை, பெரிய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியே பாராட்டினார்.

அதே ஆண்டில் எழுதியதுதான் சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ உருப்படி. மூன்று கனத்த சுரங்கள் இறங்கி வருமே, அது. அதையும் சேர்த்து ஐந்து உருப்படிகளைக் குட்ஹைல் என்ற பதிப்பாளரிடம் 200 ரூபிளுக்குக் கொடுத்தார். பிறகு உலகமெங்கும் அதை அச்சிட்டு விற்றார்கள். ரஷ்யா அப்போது பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால் அந்த விற்பனையில் அவருக்கு ஒரு காசும் சேரவில்லை. போன ஊரிலெல்லாம் ரசிகர்கள் அதைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இருபது வயது நிரம்பாத பிள்ளைக்கு அளக்கத் தெரியவில்லை. இந்தப் பழமொழி இன்று இன்னும் சில முறை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1897 மார்ச் மாதத்துக்கு வாருங்கள்.

பெல்யாயெவ் என்று ஒரு மர வியாபாரி. மரத்தில் சம்பாதித்த பணத்தையெல்லாம் ரஷ்ய இசைக்குக் கொட்டியவர். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நடத்திய கச்சேரி வரிசையில் முழு வாத்தியக் குழுவுக்காக ரக்மானினோவ் எழுதிய முதல் சிம்பொனி அரங்கேறுகிறது. டி மைனர், நான்கு பகுதிகள், முக்கால் மணி நேரம். 1895-ல் இவானோவ்கா கிராமத்துப் பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. வாத்தியக் குழுவை நடத்திய கண்டக்டர் கிளாசுனோவ், சாதாரண ஆள் இல்லை, அவரே பெரிய இசையமைப்பாளர்.

புது சிம்பொனிக்கு ரிகர்சல் என்றால் என்ன நடக்க வேண்டும்? முதல் தடவை நிறுத்தி நிறுத்தி வாசிப்பது பார்ட்டுகளில், அதாவது ஒவ்வொரு வாத்தியக்காரர் கையிலும் உள்ள தாள்களில், எழுத்துப் பிழையைக் களையத்தான். ஷார்ப் குறி விட்டுப்போயிருக்கும், வாசிக்காமல் விட வேண்டிய தாளக் கட்டங்களான ஓய்வு பார்களின் எண்ணிக்கை தப்பியிருக்கும். இரண்டாவது தடவைதான் ஒலியின் அளவு: டிராம்போன் எழுந்தால் வயலா மூழ்கிவிடும், அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் வேகம், மூச்சு, உணர்ச்சி எல்லாம். அன்றைய நிகழ்ச்சியில் வேறு புதிய உருப்படிகளும் இருந்தன, ரிகர்சலோ சொற்பம். முதல் படியே முடியாமல் மேடை ஏறினால் என்ன ஆகும்? போதாததற்குக் கிளாசுனோவ் தன் பங்குக்கு அங்கங்கே வெட்டியும் மாற்றியும் வைத்தார். ரிகர்சலைக் கேட்ட மூத்த இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்ஸக்கோவ், இந்த இசை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கச்சேரி அன்று இருபத்து மூன்று வயதுப் பையன் எங்கே இருந்தான்? அரங்கத்துக்குள் இல்லை. காலரிக்கு ஏறும் சுழல் படிக்கட்டில், ஒரு படியில் உட்கார்ந்திருந்தான். கதவு வழியாகத் தன் சிம்பொனி கேட்கிறது. காதைப் பொத்திக்கொள்கிறான். விரலை எடுத்தால் மறுபடி அதே அலங்கோலம். முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் தெருவில் இறங்கி நடந்தான். பிறகு இசையமைப்பாளரும் விமர்சகருமான சேஸார் குயி பத்திரிகையில் எழுதினார்: நரகத்தில் ஒரு கன்சர்வேட்டரி இருந்து, அங்கே ஒரு மாணவனை பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளைப் பற்றி சிம்பொனி எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவான், நரகவாசிகளும் மகிழ்வார்கள் என்று. கிளாசுனோவ் அன்று குடித்திருந்தார் என்று பின்னாளில் ஒரு பேச்சு கிளம்பியது. அதை நான் நம்பச் சொல்லவில்லை. குடிக்காதவர் கையிலும் இரண்டு ரிகர்சல் குறைந்தால் இதே கதிதான்.

இத்தனை திறமைசாலி இவ்வளவு மோசமாக நடத்த முடியுமா என்று ரக்மானினோவ் ஒரு கடிதத்தில் ஆச்சரியப்பட்டார். தன் சிம்பொனியும் முதல் ரிகர்சலிலேயே தனக்குப் பிடிக்காமல் போயிற்று என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பெரிய படைப்பு எதுவும் வரவில்லை. 1900-ல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற மருத்துவர் நிக்கலாய் டாலிடம் போனார். 1901-ல், பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ முழுமையாக அரங்கேறியது. அதை டாலுக்கே காணிக்கையாக்கினார்.

ஆனால் கவனியுங்கள்: தோற்ற சிம்பொனியை அவர் கிழிக்கவில்லை. அச்சுக்கும் கொடுக்கவில்லை, யாருக்கும் காட்ட மாட்டேன் என்றார். ஸ்கோர், அதாவது முழு இசைப் பிரதி, மாஸ்கோ வீட்டிலேயே கிடந்தது. 1917 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் கச்சேரி என்ற அழைப்பைப் பிடித்துக்கொண்டு மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஃபின்லாந்து வழியாக வெளியேறினார். பெட்டியில் போனது முடிக்காத ஓர் ஆப்பெராவின் குறிப்புகளும் ரிம்ஸ்கி கோர்ஸக்கோவின் 'பொற்சேவல்' ஸ்கோரும். முதல் சிம்பொனி போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட மைத்துனி சோஃபியா சாத்தினாவும் பின்னால் நாட்டை விட்டுப் போனார். ஸ்கோர் தொலைந்தது தொலைந்ததுதான். 1943-ல் கலிஃபோர்னியாவில் ரக்மானினோவ் காலமானபோது அந்த சிம்பொனி உலகத்தில் இல்லை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு லெனின்கிராடில், அதாவது பழைய பீட்டர்ஸ்பர்க்கில், கன்சர்வேட்டரி நூலகத்தின் பெல்யாயெவ் சேகரிப்பில் ஒரு கட்டு கிடைத்தது. 1897-ல் வாசித்தவர்கள் கையில் இருந்த பார்ட்டுகள்! குளிர் தாங்காமல் மேசை நாற்காலியையும் புத்தகங்களையும் எரித்த ஊர் அது. முற்றுகை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு! தோற்றுப்போன கச்சேரியின் தாள்தானே என்று யாரும் எடைக்குப் போடவில்லை.

ஸ்கோர் என்பது எல்லா வாத்தியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் கண்டக்டர் பிரதி. பார்ட் என்பது ஒரு வாத்தியக்காரருக்கு அவர் வரியை மட்டும் பிரித்து எழுதியது. பார்ட்டுகளிலிருந்து ஸ்கோரைத் திரும்பக் கட்டுவது, கிழிந்த பாயை ஒவ்வொரு கோரையாக மறுபடி முடைவது போல. டிராம்போன் பார்ட்டில் நீண்ட ஓய்வை ஒரு தடித்த கோடு போட்டு மேலே எண் எழுதியிருப்பார்கள். 18 என்பதற்குப் படியெடுத்தவர் 17 என்று எழுதிவிட்டால் அதற்குப் பின்னால் அந்த வாத்தியம் முழுக்க ஒரு பார் முன்னால் வந்து நிற்கும். அதைப் பிடிக்க ரிகர்சல் எழுத்துகளை, அதாவது இடம் காட்ட எல்லா பார்ட்டிலும் போட்ட ஏ, பி போன்ற அடையாளங்களை, வைத்து, ஏ-யிலிருந்து பி வரை எல்லா பார்ட்டிலும் பார் எண்ணிக்கை ஒன்றா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு சி என்று எழுதினால் ஒலிப்பது பி ஃபிளாட். எஃப் ஹார்னுக்கு சி எழுதினால் ஒலிப்பது கீழே உள்ள எஃப். இதை மறந்து நேராகப் படித்தால் நல்ல இசையும் குயி சொன்ன நரகமாகிவிடும். தாளில் இருப்பது இசையமைப்பாளர் எழுதியதா, கச்சேரிக்காகச் செய்த மாற்றமா என்றும் பிரித்தறிய வேண்டும்.

நல்லவேளை, இரண்டு பேர் பியானோவில் வாசிக்க ரக்மானினோவே செய்துவைத்த சுருக்கமும் மிஞ்சியிருந்தது. எந்தச் சுரம் என்று அது சொல்லும், யார் வாசிப்பது என்று சொல்லாது. பார்ட்டுகள் யார் என்று சொல்லும். இரண்டையும் எதிரெதிரே வைத்து கண்டக்டர் அலெக்ஸாந்தர் கௌக் தலைமையில் ஒரு குழு ஸ்கோரை மீட்டது. 1945 அக்டோபர் 17 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் கௌக் அதை நடத்தினார். 48 ஆண்டுக்குப் பிறகு இரண்டாவது கச்சேரி.

கோரிக்கைக்கு வருகிறேன், நகர்மன்றத் தலைவர் அவர்களே. நம் தேவாலய பீரோக்களிலும் பள்ளி பேண்டு அறைகளிலும் கையெழுத்து நோட்ஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. நகர நூலகத்தில் இரண்டு இரும்பு அலமாரி, ஒரு பதிவேடு, வாரத்தில் இரண்டு மாலை வந்து உட்கார ஓர் ஆள், கேட்பது இவ்வளவுதான். ஈரச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அலமாரி நிற்க வேண்டும். ரப்பர் பேண்ட் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். குண்டூசியும் செல்லோ டேப்பும் அறவே கூடாது. பருத்தி நாடா போதும். ஒவ்வொரு பார்ட்டுக்கும் பென்சிலால் எண், மொத்தம் எத்தனை தாள் என்று மேலுறையில் ஒரு வரி. இரவல் போகும்போது எண்ணிக் கொடுத்து, வரும்போது எண்ணி வாங்க வேண்டும். இரண்டாவது கிளாரினெட் பார்ட் ஒன்று திரும்பி வராவிட்டால் அந்த உருப்படியே முடங்கிவிடும். பழைய பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். அழித்தபின் எடுக்கிற ஸ்கேன் பாதிச் செய்திதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். இதை அலமாரியில் போடுவதற்கு அளக்கக் கூடாதா? நகர்மன்றத் தலைவர் தலையசைக்கிறார், பத்திரிகை நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பியானோப் படைப்புகளும், 1917-க்குப் பின் எழுதிய ஆறே ஆறு பெரிய படைப்புகளும் அப்படியே நிற்கின்றன. அந்த ஆறில் ஒன்றான பகனினி ராப்சடியின் பதினெட்டாம் மாறுபாட்டை மட்டும் வீட்டில் கேளுங்கள். வயலின் கலைஞர் பகனினியின் மூல மெட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதியது.

இப்போது முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதியை ஒலிபரப்புகிறார்கள். தொடக்கத்தில் டிரம்பெட் முழங்கும். முடிவுக்குச் சற்று முன் காங்க் என்ற வெண்கலத் தட்டில் ஒரு பெரிய அடி விழுந்து எல்லாம் நிற்கும். முடிந்துவிட்டது என்று அங்கே கைதட்டிவிடாதீர்கள். விளக்கை அணைக்கலாம்.