பின்புறமாகவும் போய் நில்லுங்கள்

(ஒட்டாவாவில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கான்ஃபெடரேஷன் சதுக்கத்தில் நிற்கும் தேசியப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். ஆனால் நாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இன்று அதன் பின்புறத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கருங்கல் வளைவு. உச்சியிலுள்ள சிலைகளோடு சேர்த்து உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். உச்சியில் அமைதியும் சுதந்திரமும் சிறகு விரித்த இரண்டு உருவங்களாக நிற்கின்றன. கீழே, வளைவின் வழியாக 22 வெண்கல மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். முன்வரிசையில் துப்பாக்கியும் குதிரையும் இருப்பதால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள். அங்கே வருபவர்கள் யார்? தாதியர் இருவர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் ஒருவர், மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர்! போர்ச்சின்னத்தில் மரம் வெட்டுபவருக்கு என்ன வேலை என்று நானும் திகைத்தேன். பதுங்குகுழிக்குப் பலகை வேண்டும், சேற்றுப் பாதைக்குக் கட்டை வேண்டும். அதற்காகவே கனடாவிலிருந்து ஒரு வனப்படை கடல் கடந்து போனது. தாதியரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் கூட்டாட்சித் தேர்தலில் முதன்முதலில் வாக்களித்த பெண்கள், 1917இல், படைத் தாதியர்தாம்.

ஏறத்தாழ 80 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் உலகப் போருக்குப் படையில் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் சிற்பி வெர்னன் மார்ச் வடிக்க நினைத்தார். போரைப் புகழ அவர் விரும்பவில்லை. இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் ஃபார்ன்பரோவில் பட்டறை வைத்திருந்த அவர், வேலை முடியுமுன்பே 1930இல் இறந்துபோனார். உடன்பிறந்தவர்கள் அதை விட்டுவிடவில்லை. 1932இல் சிலைகளை முடித்துக் கொடுத்தார்கள். ஒரே வீட்டார் இப்படிக் கூடி முடித்த வேலை என்பதாலேயே எனக்கு இந்தச் சின்னத்தின் மேல் தனிப் பிரியம்.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1939 மே 21 அன்று இதைத் திறந்துவைத்தார். அமைதியையும் சுதந்திரத்தையும் நெடுநாள் பிரித்துவைக்க முடியாது என்று அன்று பேசினார். நான்கு மாதம் முடிவதற்குள் கனடா மறுபடியும் போரில் இறங்கியது. கல்லில் 1914–1918 என்று மட்டுமே இருந்தது. 1982இல் இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் ஆண்டுகளைச் சேர்த்தார்கள். 2014இல் தென்னாப்பிரிக்கப் போரையும் ஆப்கானிஸ்தானையும் சேர்த்தார்கள். முடிந்தது என்று நினைத்துக் கட்டிய சின்னத்தின் மேல் மறுபடியும் மறுபடியும் உளி விழுந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

நடுகல்லில் பெயர் பொறித்த மரபிலிருந்து வந்த நமக்கு ஒன்று கண்ணில் படும்: இந்தக் கல்லில் ஒருவர் பெயர்கூட இல்லை. பெயர்கள் நாடாளுமன்ற நினைவேடுகளில் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கான ஏட்டில் மட்டும் 66,000க்கும் மேல். நாள்தோறும் பக்கம் புரட்டுகிறார்கள். பெயரே தெரியாத படைவீரர் ஒருவரை, பிரான்சில் விமி என்ற ஊரின் அருகிலுள்ள கல்லறையிலிருந்து 2000 மே மாதம் எடுத்துவந்து வளைவுக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு மாகாணத்து மண்ணும் அந்தக் குழியில் விழுந்தது.

அந்தக் கல்லறைக்குக் காவல் நின்ற படைவீரர் நேதன் சிரில்லோ 2014 அக்டோபர் 22 அன்று சுடப்பட்டார். அவருடைய துப்பாக்கியில் குண்டு இல்லை. வழியில் போனவர்கள் ஓடிவந்து மண்டியிட்டுக் காப்பாற்றப் பார்த்தார்கள். உன்மேல் அன்பு வைத்திருக்கிறோம் என்று ஒரு பெண் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போரில் இறந்தவர்களை நாடே நினைவுகூரும் நாளான நவம்பர் 11 வருகிறது. அன்று மரியாதை அணிவகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மக்கள் ஒவ்வொருவராக வந்து, இறந்த வீரர்களின் நினைவாகச் சட்டையில் குத்தியிருக்கும் பாப்பி மலரைக் கழற்றி அந்தக் கல்லறையின் மேல் வைப்பார்கள். 2000ஆம் ஆண்டில் யாரும் சொல்லாமலே தொடங்கிய வழக்கம் இது. குழந்தைகளையும் கூட்டிவாருங்கள். மலரை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். பிறகு பின்புறமாக அழைத்துப் போய் அந்த இரண்டு தாதியரையும் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.