நித்தியகல்யாணியை அவித்துக் குடிக்கலாமா?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வாசலிலும் கோயில் ஓரத்திலும் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். மருந்தாளராக நான் மிகவும் மதிக்கும் செடி அது.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் நீரிழிவு மருந்து தேடித்தான் இதன் இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரிந்தன. அந்தத் தடயத்தில் கிடைத்ததே வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து. அதே செடியில் பிறந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

செல் இரண்டாகப் பிரியும்போது நுண்ணிய இழைகள் உருவாகி, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். இந்த இரண்டு மருந்துகளும் அந்த இழைகளை உருவாக விடுவதில்லை. பாதியில் சிக்கிய செல், தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும். காஸ்பேஸ் என்னும் நொதிகள் உள்ளிருந்தே அதைத் துண்டாக்க, அக்கம்பக்கத்துச் செல்கள் துண்டுகளை விழுங்கிவிடும். இந்த ஒழுங்கான சாவுக்கு 1972இல் அபோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

அப்படியானால் இலையை அவித்துக் குடித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மருத்துவர் அதை மில்லிகிராம் கணக்கில் இரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார். வின்கிறிஸ்டினை அப்படி அளந்து கொடுத்தாலும் சிலருக்கு விரல்கள் மரத்துப்போகின்றன, சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை, மலச்சிக்கல் வாட்டுகிறது. கஷாயத்தில் எந்த நச்சு எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது?

டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலையும் சாபா பாம்புப் புல் என்னும் மூலிகையும் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லைக் கொன்றது உண்மைதான். தட்டில் சாறு நேரே செல் மீது விழுகிறது. உடலிலோ குடலையும் ஈரலையும் தாண்ட வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமினில் பெரும்பகுதி இரத்தத்தை எட்டாமலே வெளியேறிவிடுகிறது. டுரியான் பெலாண்டாவிலுள்ள அன்னோனாசின் என்னும் பொருளோ நரம்புச் செல்லையும் சேர்த்தே கொல்லக்கூடியது. கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தை ஈரல் சிதைக்கும் வேகத்தைச் சில மூலிகைகள் மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது சரியாகக் கணக்கிட்ட அளவே உடம்புக்கு மிஞ்சிவிடலாம், குறைந்தும் போகலாம்.

ஆகவே, கீமோவுக்கு வரும் அக்கா, அண்ணன்மாரே, வீட்டில் எதை அவித்துக் குடித்தாலும் அந்தப் பொட்டலத்தை மருந்தகக் கவுண்டருக்குக் கொண்டுவாருங்கள். செய்தித்தாளில் சுற்றிய சருகாக இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் ஏச மாட்டோம். உங்கள் மருந்துச் சீட்டோடு வைத்துப் பார்த்து, எதை நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே சொல்வோம்.