கார்த்திகையில் ஒரு வான்கோழி விருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அயல்நாட்டுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் அங்கே பொங்கல் வைக்கும் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறோம். நான் எதிர்த்திசையில் வந்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் படிப்பதற்கென்றே அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வரும் மாணவர்கள் உண்டு. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புகள் நம் ஊரில் நடந்து வருவதை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம். இப்படி வருகிறவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தே என் காலம் போயிற்று. கோடை வகுப்புக்காரர்கள் மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் தங்குகிறவர்கள்தான் நவம்பரின் நான்காம் வியாழக்கிழமையை இங்கே கழித்தாக வேண்டும்.

அவர்கள் நாட்டில் அன்று தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி சொல்லும் பண்டிகை. எங்கே படித்தாலும், எங்கே வேலை பார்த்தாலும் பிள்ளைகள் வீடு வந்து சேரும் நாள். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன் என்று சட்டம் போட்டது 1941இல். அறுவடையை ஒட்டி வருவதால் 'அவர்கள் ஊர்ப் பொங்கல்' என்று நம்மவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் தெருவே பார்க்க வாசலில் பானை ஏற்றுகிறோம். சூரியனும் மாடும் இல்லாமல் நமக்குப் பொங்கல் இல்லை. அவர்களுக்கோ வீட்டுக்குள் ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் போதும்.

அந்த மேசை நடுவில் முழு வான்கோழி இருக்க வேண்டும். மதுரையில் வான்கோழி கிடைக்காத பொருள் இல்லை. மேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். கிடைக்காதது அதை முழுசாகச் சுடும் அளவுக்கு ஓர் அடுப்பு. என் மாணவர்கள் நரிமேட்டில் ஒரு பேக்கரியில் போய்க் கெஞ்சினார்கள். "பன்னில் கறிவாடை ஏறிவிடும்" என்று அவர் கும்பிடு போட்டுவிட்டார். கடைசியில் கோரிப்பாளையத்துப் பிரியாணி மாஸ்டர் ஒருவர் கைகொடுத்தார், பறவையைத் துண்டு போடச் சம்மதித்தால் மட்டும். வேறு வழியில்லை, சம்மதித்தார்கள். அங்கே கிரான்பெரி என்று ஒரு புளிப்புப் பழத்தைச் சர்க்கரையில் வேகவைத்துத் தொட்டுக்கொள்வார்கள். இங்கே நெல்லிக்காய் அந்த வேலையைச் செய்தது. மற்றவற்றுக்குத் தட்டுப்பாடில்லை. மஞ்சள் பூசணி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், ஏன், நம் மிளகாயும் அந்த வான்கோழியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டவைதாம். விருந்தாளிகளுக்குப் பல தலைமுறை முன்பே அவர்கள் ஊர்ச் சாமான் மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

குறுக்கே நின்றது நாட்காட்டி. நான்காம் வியாழன் 22ஆம் தேதிக்கு முன்னால் வராது, 28ஐத் தாண்டாது. கார்த்திகையோ நவம்பர் நடுவிலேயே பிறந்துவிடுகிறது. ஆகவே எந்த ஆண்டானாலும் அவர்களுடைய கறி விருந்து, தெருவுக்குப் பத்துப் பேர் மாலை போட்டிருக்கும் மாதத்தில்தான் வந்து விழும். ஒரு மாணவி குடியிருந்த வீட்டில் வீட்டுக்காரரே மாலை போட்டிருந்தார். "ஏம்மா, கறியெல்லாம் வெளியிலேயே முடித்துக்கொள். இங்கே முட்டைகூட வரக் கூடாது. பூசணிக்காய்ப் பலகாரம் வேண்டுமானால் குளித்துவிட்டு வந்து என் அடுப்பில் செய்" என்றார் அந்த வீட்டு அம்மா. அந்தப் பலகாரம் இறுகுவதே முட்டையால்தான். அவள் சோள மாவைப் போட்டுக் கிளறி, நொறுக்கிய பிஸ்கட்டின் மேல் ஊற்றி ஒருவாறு இறுக வைத்தாள்.

வகுப்பில் நான் ஒரு வேலை கொடுத்திருந்தேன்: உங்கள் பண்டிகையை வீட்டுக்காரர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள். இந்தப் பெண் மாசசூசெட்ஸ்காரி. இந்தப் பண்டிகைக்குச் சொல்லப்படும் மூலக்கதை நடந்த பிளிமத் அவள் மாநிலத்தில்தான் இருக்கிறது. 1621இல் அங்கே குடியேறிய ஆங்கிலேயரும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து உண்டதைச் சொல்லியிருக்கிறாள். பிறகு அந்த மக்கள் நிலத்தை இழந்ததையும், 1970 முதல் அதே வியாழனன்று பழங்குடியினர் பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிப்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியிருக்க நீ எதற்குக் கொண்டாடுகிறாய்?" என்றாராம்.

நான் வைத்த எந்தத் தேர்விலும் அவ்வளவு கடினமான கேள்வி இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து அந்த விருந்தை உண்டு வந்தவள். சொந்த ஊரில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. யோசித்து யோசித்து, "அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது, அதற்காக" என்றிருக்கிறாள். இலக்கணம் சரியாக இருந்தது, முழு மதிப்பெண் போட்டேன். பதில் போதுமா என்பதை அவளும் அந்த அம்மாவும்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கும் இப்படிக் கேட்க ஓர் ஆள் வாய்க்க வேண்டும். பால் பொங்கும்போது எதற்காகக் கூவுகிறீர்கள் என்று பக்கத்து அறைக்காரன் கேட்டால்தான் நமக்கே யோசனை வரும். தமிழர்கள் மட்டும் கூடும் மண்டபத்தில் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அந்தக் கேள்வி வரவே வராது.

அன்றைக்கு இரவு ஏழரை மணிக்கு அவர்கள் சாப்பிட்டு முடித்து ஊருக்குப் பேசியபோது, மாசசூசெட்ஸில் காலை ஒன்பது மணி. அந்த மாணவியைப் பெற்ற அம்மா அப்போதுதான் வான்கோழியைக் கழுவிக்கொண்டிருந்தாராம். பூசணிப் பலகாரத்தைச் சாமி, முட்டை இல்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாயில் வைத்தார். "ஏலக்காய் இல்லாமல் இது என்ன இனிப்பு?" என்றார். அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்கு வந்த மாணவிக்கு அந்த அம்மாவே ஏலக்காயைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

வணக்கம்.