பழைய பூட்டுக் குழியும் கதவு நிலையும்

நேயர்களுக்கு வணக்கம். கதவுப் பூட்டைச் சற்று மேலேயோ கீழேயோ மாற்றிப் பொருத்தும்போது எல்லோருடைய கண்ணும் கதவின் மேலேயே இருக்கிறது. கதவைத் தாங்கும் சட்டமான நிலையை மறந்துவிடுகிறார்கள். பூட்டின் நாக்கு போய் உட்காருவது நிலைக்காலில்தான். யாராவது கதவை உதைத்தால் அந்த அடியில் பெரும்பங்கு அங்கேதான் இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில், நாக்கு உட்கார்ந்த பழைய குழியை மக்கு என்னும் பூச்சுக் கலவையை வைத்து மூடி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மக்கு பள்ளத்தை மறைக்கும்; திருகாணியைப் பிடித்து நிறுத்தாது.

குழியை மரத்தாலேயே அடையுங்கள். குழியின் வாயில் திருகியிருக்கும் பழைய தகட்டைக் கழற்றிவிட்டு, குழியின் ஓரங்களை உளியால் நேராகச் செதுக்குங்கள். உள்ளே பழைய பெயிண்டோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கக் கூடாது. வெறும் மரத்தில்தான் பசை ஊறிப் பிடிக்கும். அடைக்கும் துண்டு நன்றாகக் காய்ந்ததாக, முடிந்தால் நிலையின் அதே சாதி மரமாக இருக்கட்டும். அதைவிட முக்கியம் நார் ஓடும் திசை. நிலைக்காலில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. துண்டிலும் அப்படியே ஓட வேண்டும். ஈரம் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்கேதான் உப்பும், நார் போகும் வாக்கில் ஏறக்குறைய அசையாது. துண்டைக் குறுக்காக வைத்தால் நிலை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் என்று இழுபட்டு, நாளடைவில் ஓரத்தில் விரிசல் விடும்.

கையால் அழுத்தினால் பாதி இறங்க வேண்டும், கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் மீதி இறங்க வேண்டும். அந்த இறுக்கம் வரும்வரை துண்டை இழைத்து, பசை தடவி இறக்குங்கள். மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டர் துருத்தி நிற்கட்டும். ஒரு நாள் காயவிட்டு, இழைப்புளியால் சமமாக்கி உப்புத்தாள் தேய்த்தால் போதும்.

பழைய திருகாணித் துளைகளையும் விட்டுவிடாதீர்கள். புதுத் துளை அவற்றை ஒட்டி வந்தால் துளைப்பான் வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே போய்விடும். பசை தடவிய மரக்குச்சியை முதலில் அடித்து இறக்கிவிடுங்கள்.

புதுக் குழிக்கு அளவுகோலை நம்ப வேண்டாம். நாக்கின் நுனியில் சாக்குக்கட்டி தடவி, கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள். நிலையில் படும் வெள்ளைப் புள்ளிதான் இடம். நாக்கு முழுவதும் நீளும் அளவுக்கு ஆழம் வேண்டும். பாதியில் முட்டினால் சாவியை வலிந்து திருகாதீர்கள். உளியை எடுத்து இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். வணக்கம்.