ராவைக்கு ஊருக்கொரு ஓட்டோ

மேடையில இருக்கிற தலைவர் ஐயா, பிரதேச செயலாளர் அம்மா, கிளினிக் நாளெண்டும் பாக்காம வந்திருக்கிற டொக்டர், மாதர் சங்கத் தலைவி அக்கா, எங்கட மிட்வைப் மிஸ்ஸி, இந்த வெயிலுக்க பாதை எண்ட மிதவைப் படகேறி வாவி கடந்து வந்திருக்கிற அம்மாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தையும் தந்து மத்தியானச் சாப்பாடும் போடுற, கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர் ஐயாவுக்குத் தனியா ஒரு நன்றி, அவர் இல்லாட்டி இந்தக் கூட்டமே இல்ல.

ஏழை நாடுகள்ல தாய்மாருக்கு ஏன் வைத்தியம் கிடைக்கிறல்ல எண்டு பேசச் சொன்னாங்க. 2023ல மட்டும் உலகத்தில 260,000 தாய்மார் கர்ப்பத்தாலயும் பிரசவத்தாலயும் செத்திருக்காங்க, ஒரு நாளைக்கு 700க்கு மேல. நூறுக்கு எழுபது ஆபிரிக்காவில, சகாராவுக்குக் கீழ இருக்கிற நாடுகள்ல. கூடுதலா ரத்தப்போக்கு, பிரஷர், கிருமி. எல்லாத்துக்கும் மருந்து இருக்கு, அதுதான் எனக்கு வயிறு எரியிற விஷயம்.

இதுக்குக் காரணம் மூண்டு தாமதம் எண்டு 1994லயே எழுதி வச்சிருக்காங்க. வீட்டில முடிவெடுக்கிற தாமதம், போய்ச்சேருற தாமதம், போனாப்பிறகு ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கிற தாமதம். மூண்டையும் சொல்றன். நம்மட பழமொழி ஒண்டு இருக்கு, வெள்ளம் வருமுன் அணை போடு எண்டு. வெள்ளத்தைப் பத்தி நமக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல.

எங்கட பெரியம்மாட பேத்தி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில உள்ளுக்கு ஒரு ஊர், மாப்பிள்ள கட்டார்ல, முதல் பிள்ளை. ராவு பதினொரு மணிபோல பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு. மாமி சொன்னா, தலைப்பிள்ளைதானே, நேரமெடுக்கும், விடியட்டும் எண்டு. மாமி கெட்டவ இல்ல, அஞ்சையும் வீட்டிலயே பெத்தவ. பிள்ளை கட்டாருக்குப் போன் அடிக்க அவன் டியூட்டியில, எடுக்கல்ல, அவன்ட சொல்லு இல்லாம வெளிக்கிடவும் பயம். ஒரு மணிக்கு நோவு கூடிட்டு. ஓட்டோக்காரனுக்கு அடிச்சா அவன் குளத்துக்கட்டு றோட்டால வரமாட்டன் எண்டிட்டான், அந்தக் கிழமைதான் அதில யானை ஒருத்தர அடிச்சது, அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்குத்தானே. பாதையும் அந்த நேரம் ஓடாது. மறுகா பக்கத்து வளவுத் தம்பி லேண்ட்மாஸ்டர், அந்த ரெண்டு சில்லு உழவு மெசின, ஸ்டார்ட் பண்ணி, பெட்டியில வைக்கல் பரப்பி பாய் விரிச்சு, முன்னால நாலு பொடியன்கள் டோர்ச்சும் யானை வெடியுமா மோட்டர் சைக்கிள்ல போக, ஒவ்வொரு கிடங்குக்கும் பிள்ளை கத்த, பெரியம்மா மாமாங்கேஸ்வரரக் கூப்பிட, ஆஸ்பத்திரி கேற்றுக்கு வரக்குள்ள அஞ்சு மணி. பெத்ததும் ரத்தம் நிக்கல்ல, ரத்தம் ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. பொடியன் இப்ப நர்சரிக்குப் போறான்.

இதுக்குள்ளயே ரெண்டு தாமதம் இருக்கு பாருங்க. மூண்டாவது, ரத்தம் இல்ல, மருந்து வைக்கப் பிரிட்ஜ் இல்ல, காசு கட்டாட்டித் தொடமாட்டாங்க எண்டு சில நாடுகள்ல நடக்கிறது, அத டொக்டர் என்னை விட வடிவாச் சொல்லுவார்.

நம்மட இலங்கை ஒண்டும் பணக்கார நாடா இருந்து இத வெல்லல்ல. 1926ல களுத்துறையில சுகாதாரப் பிரிவு துவங்கி, மிட்வைப்மார் வீடு வீடா நடந்து, இலவச வைத்தியமும் வந்து, இண்டைக்கு நூறுக்கு தொண்ணூத்தொம்பது பிள்ளைக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் பிறக்குது. அதுதான் வெள்ளம் வருமுன் போட்ட அணை. ஆனா மிஸ்ஸி பகல்ல வருவா, நோவு ராவில வருது. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க, காசில்ல, கட்டாயம் அடிங்க, ஆனா உள் ஊருக்கு அது வந்துசேரும் வரைக்கும் சும்மா இருக்கேலாது.

அதால நான் எந்த மேடையிலயும் கேக்கிறதத்தான் இஞ்சயும் கேக்கிறன். ராவைக்கு ஊருக்கொரு ஓட்டோ. மாதர் சங்கம் முறை போட்டு, இண்டைக்கு ஆர், நாளைக்கு ஆர் எண்டு பேரும் போன் நம்பரும் கர்ப்பிணித்தாய்ட கிளினிக் கொப்பியில ஒட்டி வைக்கணும், பெற்றோல் காசு சங்கத்தால. யானை றோட்டுக்கு மோட்டர் சைக்கிள்ல ரெண்டு பேர் கூடப் போகணும். மாமிமாரே, பன்னீர்க்குடம் உடைஞ்சா கட்டாருக்கு அடிக்கிறதுக்கு முதல் ஓட்டோவுக்கு அடிங்க.

வாசல்ல மேசையில கொப்பி வச்சிருக்கு. ஓட்டோ வச்சிருக்கிற தம்பிமார் சாப்பிடப் போறதுக்கு முதல் பேர எழுதிப்போட்டுப் போங்க. நன்றி, வணக்கம்.