லாரியத்து வெள்ளியும் சலாமிஸ் கடலும்

அவைத் தலைவர் அவர்களே, அன்பார்ந்த அவையோரே,

பாரசீகப் பேரரசை எதிர்த்துக் கிரேக்க நகர அரசுகள் நடத்திய போர்கள் என்றதும் மாரத்தான் சமவெளியே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கி.மு. 490இல் அங்கே அணிவகுத்து நின்ற ஏதென்ஸ் வீரர்கள், ஈட்டியும் கேடயமும் சொந்தச் செலவில் வாங்க வசதி படைத்த குடிமக்கள். அந்த வசதி இல்லாதவர்களைப் பற்றி, பத்தாண்டுகள் கழித்து, ஏதென்ஸுக்கு அருகே உள்ள சலாமிஸ் நீரிணையில் பாரசீகரை எதிர்த்துத் துடுப்பு வலித்தவர்களைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன்.

கி.மு. 483 வாக்கில், ஏதென்ஸுக்கு உரிய லாரியம் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. குடிமகன் ஒவ்வொருவருக்கும் பத்து டிராக்மா என்னும் வெள்ளி நாணயங்கள் வீதம் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்றே பேச்சு இருந்தது. அப்போது ஏதென்ஸின் அரசியல் தலைவரான தெமிஸ்டாக்ளிஸ், அந்தப் பணத்தில் போர்க்கப்பல்கள் கட்ட வேண்டும் என்றார். தொலைவில் இருந்த பாரசீகத்தைக் காட்டி அச்சுறுத்தாமல், கண்ணெதிரே இருந்த ஏஜினாத் தீவுடனான பகையைச் சொல்லியே மக்கள் மன்றத்தை இணங்க வைத்தார். கைக்கு வரவிருந்த காசை ஏழைக் குடிமக்களும் விட்டுக்கொடுத்த அந்த முடிவை, எந்தப் படைத்தலைவரின் போர்த் தந்திரத்தைவிடவும் உயர்வாக நான் மதிக்கிறேன். அந்த வெள்ளியை வெட்டியெடுத்த அடிமைகளுக்கு அதே மன்றத்தில் குரல் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கட்டப்பட்ட கப்பலுக்குள் சற்றே எட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 200 பேர் செல்லும் அந்தக் கப்பலில் 170 பேர் மூன்று அடுக்குகளாக அமர்ந்து துடுப்பு வலித்தனர். கீழடுக்கின் துடுப்புத் துளைகள் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருந்தமையால், அலை உள்ளே புகாதபடி தோலுறை கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தவனுக்கு எதிரியும் தெரியாது, கடலும் தெரியாது. குழலோசையைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவனோடு ஒத்து வலிப்பதே அவனுடைய போர். தன் துடுப்பையும், உட்காரும் மெத்தையையும், துடுப்பைப் பிணைக்கும் வாரையும் சுமந்துகொண்டு வந்து கப்பலேறியவன் அவன். கப்பலின் முகப்பில் இருந்த வெண்கல இடிமுனைக்கு வேகம் கொடுத்தவை அந்தக் கைகளே.

கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸின் படை நெருங்கியபோது, ஏதென்ஸ் மக்கள் நகரையே காலி செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். விட்டுச்சென்ற நகரைப் பாரசீகர் எரித்தனர். சலாமிஸில் கூடிய கிரேக்கத் தளபதிகளின் ஆலோசனையில், ஊரில்லாதவனுக்குப் பேச உரிமை இல்லை என்று கொரிந்துத் தளபதி சீறினார். ஆட்கள் நிறைந்த 200 கப்பல்கள் இருக்கும்வரை உங்களைவிடப் பெரிய நகரமும் நாடும் எங்களுக்கு உண்டு என்று தெமிஸ்டாக்ளிஸ் பதிலளித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். மதிலும் கோயிலும் வீடும் போன பிறகு, துடுப்பு வலிப்பவர்களையே நகரம் என்று ஒருவர் சுட்டிக்காட்டிய இடம் அது.

போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணிக்கையில் மிகுந்த பாரசீகக் கப்பல்கள் குறுகிய நீரிணைக்குள் நெருக்கியடித்து, ஒன்றோடொன்று மோதிச் சிதறின. கரையிலிருந்த மேட்டில் அமர்ந்தபடி செர்க்ஸஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாண்டுகள் கழித்து, கி.மு. 472இல், ஏதென்ஸ் அரங்கில் நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகம் மேடையேறியது. ஏதென்ஸ் மக்களுக்குத் தலைவன் யார், அவர்களின் படையை ஆள்பவன் யார் என்று செர்க்ஸஸின் தாயான பாரசீக அரசி அதில் கேட்கிறாள். அவர்கள் எந்த மனிதனுக்கும் அடிமைகள் அல்லர், குடிபடைகளும் அல்லர் என்று பதில் வருகிறது. சலாமிஸில் துடுப்புப் பிடித்தவர்கள் பலரும் அந்த ஊரில் உயிரோடு இருந்த காலம் அது.